தீப்பெட்டிக்குப் பதினான்கு வருடம், ரீசார்ஜுக்கு இருபத்தெட்டு நாள்

2021 டிசம்பர் 1ஆம் தேதி எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு விலைகள் ஒரே நாளில் ஏறின. ஒன்று தீப்பெட்டி. 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, பதினான்கு ஆண்டுகள் அதே ஒரு ரூபாயில் நின்று, அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. இன்னொன்று செல்போன் கட்டணம். ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் நவம்பர் கடைசி வாரத்திலேயே ஏற்றிவிட்டன. ஜியோவின் புதிய கட்டணம் டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் பேக் 199 ரூபாயிலிருந்து 239 ரூபாய் ஆனது.

தீப்பெட்டிக்கு ஒரு ரூபாய் ஏற்றுவதற்கு முன் ஐந்து உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசின. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, பொட்டாசியம் குளோரேட் என்று பதினான்கு மூலப்பொருட்களின் விலை ஏறிவிட்டதைக் காரணம் காட்டின. அந்தக் கூட்டத்திலும் குச்சி அடுக்கும் பெண்களுக்கு நாற்காலி கிடையாது, அது வேறு சண்டை. ஆனாலும் செலவு ஏறியது, அதனால் விலை ஏற்றுகிறோம் என்று சொல்லும் கடமை இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். ஏர்டெல் சொன்ன காரணம் வேறு வகை. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக 200 ரூபாய் வர வேண்டும், போகப்போக அது 300 ரூபாய் ஆக வேண்டும், அப்போதுதான் தொழில் ஆரோக்கியமாக இருக்கும் என்றது. அதாவது, பொருளைச் செய்ய எவ்வளவு ஆகிறது என்பது பேச்சே இல்லை; உன்னிடமிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

இரண்டு தொழிலுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? தீப்பெட்டி செய்கிறவர்கள் பல பேர். நெட் விற்கிறவர்கள் மூன்று பேர். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்போம். என் அம்மா, சித்தி, எதிர்வீட்டு மதினி எல்லோரும் அந்த ஆபீஸுக்குப் போனவர்கள். கரிசலில் மழை ஒழுங்காகப் பெய்தால் உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் உண்டு. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், மில், நூறு நாள் வேலை. இந்தப் பெண்கள் கையில் இன்று செல்போன் இருக்கிறது. அந்த போனுக்குப் பின்னால் எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியோடு சேர்ந்தது என்ற செய்தி வந்தால் அது வணிகப் பக்கத்தில் வரும். அந்தப் பக்கம் ஆம்பளைகளுக்கு என்று நாமும் புரட்டிக்கொண்டு போய்விடுவோம். அங்கே எழுதியிருப்பது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக் கணக்கு. பெண்ணியம் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் விட்டால் வேறு யாரும் நமக்காகப் பேசப்போவதில்லை.

முதலில் மூன்று பேர் ஆன கதை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நம் கடைத்தெருவில் எத்தனை கம்பெனி சிம் தொங்கின என்று நினைத்துப் பாருங்கள். ஏர்செல், டோகோமோ, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், எம்டிஎஸ், வோடபோன், ஐடியா, ஏர்டெல், பிஎஸ்என்எல். எம்டிஎஸ், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுக்குள் போனது. டாடாவின் செல்போன் தொழில் ஏர்டெலுக்குள் போனது. 2018 ஆகஸ்ட்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இதில் நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காதது ஏர்செல். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி அது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேரப்போவதாக 2016இல் அறிவித்தது. அந்தச் சேர்க்கை 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க சிக்னல் செத்தது. வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான எண்ணை எஸ்எம்எஸ் அனுப்பித்தான் வாங்க வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்ப சிக்னல் இல்லை. ஜனங்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. சேர்ந்தாலும் நமக்கு நஷ்டம், சேராமல் முறிந்தாலும் நமக்கு நஷ்டம். இரண்டு முடிவும் நம்மைக் கேட்காமல் எடுக்கப்பட்டவை.

இன்று ஜியோவும் ஏர்டெலும் மட்டுமே சேர்ந்து நாட்டின் செல்போன் இணைப்புகளில் முக்கால் பங்கை நெருங்கி வைத்திருக்கின்றன. வோடபோன் ஐடியா மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் குறைந்த பின் நடந்ததைப் பாருங்கள். முன்பெல்லாம் 'லைஃப்டைம்' சிம் என்று ஒன்று இருந்தது. காசு போடாவிட்டாலும் போன் வரும். மகள் மெட்ராஸிலிருந்து கூப்பிட்டால் அம்மா எடுத்துப் பேசலாம். 2018 கடைசியில் ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் அதை முடித்து வைத்தன. 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு என்றன. 2024 ஜூலையில் ஏர்டெலின் 28 நாள் அடிப்படை பேக் 199 ரூபாய், ஜியோவில் 189 ரூபாய். அதில் பேச்சு அளவில்லாமல் கிடைக்கிறது, கொஞ்சம் நெட்டும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் போன் வந்தால் எடுக்க மட்டும் வேண்டும் என்று சொல்லும் கிழவிக்கு, அந்த 35 ரூபாய்ச் சாமான் கடையிலேயே இல்லை.

நெட் பேக் கதையும் இதேதான். ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள்: 2018இல் 149 ரூபாய், 2019 டிசம்பரில் 199, 2021 டிசம்பரில் 239, 2024 ஜூலையில் 299. ஆறு வருடத்தில் இரண்டு மடங்கு. மூன்று முறையும் மற்ற இரண்டு கம்பெனிகளும் சில நாள் முன்பின்னாக ஏற்றின. அவர்கள் கூடிப் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் மட்டும் இருக்கும் தெருவில் கூடிப் பேச வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் கதவைத் திறக்கும் சத்தம் மற்ற இருவருக்கும் கேட்கும்.

28 நாள் என்ற கணக்கையும் பாருங்கள். வருடத்துக்கு மாதம் பன்னிரண்டு, ரீசார்ஜ் பதிமூன்று. 299 ரூபாயைப் பதிமூன்றால் பெருக்கினால் 3,887 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த முழுக்கூலி நாளுக்கு 319 ரூபாய். கரிசல் வெயிலில் ஒரு நாள் முழுக்க மண் வெட்டினால் ஒரு ரீசார்ஜ், கையில் மிச்சம் இருபது ரூபாய். 2022 ஜனவரியில் டிராய் தலையிட்டு, 30 நாள் பேக் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றது. ஒன்று வைத்தார்கள். விளம்பரத்திலும் கடைக்காரர் வாயிலும் வருவது இன்றும் 28தான்.

வீட்டில் காசு தட்டினால் யாருடைய போன் ரீசார்ஜ் ஆகாமல் நிற்கும்? இதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம். அவர் போன் வேலைக்கு வேண்டும். பையன் போன் படிப்புக்கு வேண்டும். "எனக்கென்னத்துக்கு, நான் வீட்லதான இருக்கேன்" என்று அவள் தன் போனைத் தானே கீழே வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டில் ஒரு போன் வாங்கிப் பேசிக்கொள்வாள். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் ஒருமுறையாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். முன்னேறிய மாநிலம் என்று நாம் மார்தட்டும் தமிழ்நாட்டிலும் பெண்கள் பாதியை எட்டவில்லை. கட்டணம் ஏறினால் எல்லோருக்கும் ஒரே அளவு ஏறுகிறது என்பது காகிதக் கணக்கு. வீட்டுக்குள் அது முதலில் வெட்டுவது பெண்ணின் இணைப்பை.

வெட்டினால் போகட்டும் என்று விடவும் முடியாது. மகளிர் உரிமைத் தொகை ஏறியதா என்று பார்க்க பேங்க் எஸ்எம்எஸ் வர வேண்டும். காஸ் சிலிண்டர் வாங்க எண் வர வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவே செயலி வழியாகத்தான். அந்தப் பதிவு ஏறாவிட்டால் வெட்டிய மண்ணுக்குக் கணக்கு இல்லை. என் சித்தி ஒருமுறை பேக் முடிந்து பத்து நாள் கழித்து ரீசார்ஜ் கடைக்குப் போனார். "படம் பாக்கவா போடுதேன், ஓடிபி வரணும்லா" என்றார். அவருக்கு இது செலவு அல்ல, வரி. அரசாங்கம் தன் உதவியை ஓடிபிக்குப் பின்னால் வைத்துப் பூட்டியது. சாவி விற்கும் கடை மூன்றுதான். அந்த மூன்று கடையும் விலை ஏற்றும்போது அரசாங்கம் அது சந்தை விஷயம் என்கிறது.

பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அதையொட்டி வந்த பேக்குகள் 84 நாளுக்கு ஜியோவில் 448 ரூபாய், ஏர்டெலில் 469 ரூபாய். நாள் கணக்கில் குறைவுதான். ஆனால் வாரக்கூலி வாங்குகிற பெண் மொத்தமாக 448 ரூபாயை எங்கிருந்து எடுப்பாள்? சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. எங்கள் தெருப் பெண்ணின் கைக்கு அது எட்டவில்லை.

இவ்வளவும் கம்பியையும் கோபுரத்தையும் பற்றி. இனி அதில் ஓடும் படத்தைப் பற்றிப் பேசுவோம். 2024 நவம்பர் 14 அன்று ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனமும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாயின. மதிப்பு 70,352 கோடி ரூபாய், நூற்றுக்கு மேல் சேனல்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. நம் வீட்டு விஜய் டிவியை இதில் பொருத்திப் பாருங்கள். 2001இல் அதை ஸ்டார் வாங்கியது. 2019இல் ஸ்டாரோடு சேர்ந்து டிஸ்னியிடம் போனது. 2024இல் ரிலையன்ஸ் வீட்டுக்கு வந்தது. அதற்குப் போட்டியாக வந்த கலர்ஸ் தமிழும் இப்போது அதே வீட்டில். மூன்று முறை கைமாறியும் சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு உட்கார்கிற பெண்ணுக்கு ஒரு வரி சொன்னவர் இல்லை.

எங்கள் முற்போக்கு நண்பர்கள் சிலர் இங்கே சிரிப்பார்கள். சீரியல் பார்க்கிற சேனல் யாரிடம் போனால் என்ன என்பார்கள். தோழர்களே, அந்த 70,352 கோடி எதற்குக் கொடுத்த மதிப்பு என்று யோசித்தீர்களா? கிரிக்கெட் உரிமை இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, சரி. அவற்றோடு, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை, பாத்திரம் கழுவிக்கொண்டும் உளுந்து ஊறவைத்துக்கொண்டும் ஒரு கண்ணைத் திரையில் வைத்திருக்கும் கோடிக்கணக்கான பெண்களின் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் சோப்புக் கம்பெனிக்கும் மசாலாக் கம்பெனிக்கும் நகைக்கடைக்கும் விற்கிறார்கள். வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்று ஐம்பது வருடமாகப் பேசுகிறோம். அந்த வேலைக்கு நடுவே அவள் மூச்சுவிடும் நேரத்துக்கும் விலை உண்டு, அந்த விலை அவளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பேசத்தான் வேண்டும். சீரியலைக் கேலி செய்கிறவர்கள் அதை விற்றுப் பணமாக்குகிறவர்களைக் கேலி செய்வதில்லை.

இந்த இணைப்பை இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஆகஸ்ட் 28 அன்று ஏற்றது. நிபந்தனை இல்லாமல் ஏற்கவில்லை. ஏழு சேனல்களை விற்க வேண்டும். கிரிக்கெட் ஒளிபரப்பில் டிவி விளம்பரத்தையும் செயலி விளம்பரத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. விளம்பரக் கட்டணத்தை நியாயமில்லாமல் ஏற்றக் கூடாது. இந்த வாக்குறுதிகள் யாரைக் காப்பாற்றுகின்றன என்று பாருங்கள். விளம்பரம் கொடுக்கிற கம்பெனியை. அதைக் காப்பது தவறு இல்லை. ஆனால் விளம்பரதாரருக்கு 'இரண்டையும் சேர்த்து வாங்கு' என்று சொல்லக் கூடாது என்றால், எங்கள் தெருப் பெண்ணுக்கு அதைச் சொல்லலாமா?

அதைத்தான் சொன்னார்கள். ஐபிஎல் கிரிக்கெட்டை 2023இலும் 2024இலும் ஜியோசினிமாவில் காசில்லாமல் காட்டினார்கள். இணைப்பு முடிந்து 2025 வந்ததும் சந்தா கேட்டார்கள். செல்போனில் மட்டும் பார்க்க மூன்று மாதத்துக்கு 149 ரூபாய், அதிலும் விளம்பரம் உண்டு. இல்லையென்றால் 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தால் தொண்ணூறு நாள் 'இலவசம்'. 189 ரூபாய் போட்ட பெண்ணுக்கு அந்த இலவசம் கிடைக்கவில்லை. சேலை வாங்கினால் டப்பா இலவசம் என்ற தந்திரம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் சேலைக்கடை ஊரில் இருபது இருக்கிறது, டப்பா வேண்டாம், விலையைக் குறை என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் ஒரு முக்கியமான விதி கொண்டுவந்தது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து நெட்டுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது என்பது அந்த விதி. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் அதில்தான் அடிபட்டது. லட்சக்கணக்கான சாதாரணப் பயனாளர்கள் எழுதிப் போட்டதால் கிடைத்த வெற்றி அது. நான்கு வருடம் கழித்து, 2020 ஏப்ரலில், அதே ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதப் பங்கு வாங்கியது. ஜூலையில் கூகுள் 33,737 கோடி ரூபாய்க்கு 7.73 சதவீதம் வாங்கியது. கம்பிக்காரர் ஒரு தளத்துக்குச் சலுகை காட்டக் கூடாது என்பது விதி. கம்பிக்காரரே தளத்தின் சொந்தக்காரர் ஆகிவிட்டால், தளத்தின் சொந்தக்காரர் கம்பியில் பங்குதாரர் ஆகிவிட்டால், விதியின் சொல்லை மீறாமலேயே அதன் நோக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம். கம்பெனி இணைப்பு என்பது பல நேரம் சட்டத்தைச் சுற்றிப் போடும் பைபாஸ் ரோடு.

கம்பெனிகள் சேரும்போது நம்மைப் பற்றிய கணக்கு நோட்டுகளும் சேருகின்றன. வாட்ஸ்அப்பை 2014இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2021இல், உங்கள் தகவலை எங்கள் மற்ற கம்பெனிகளோடு பகிர்வோம், சம்மதம் சொல் என்றது. அந்தச் சம்மதம் கேட்ட விதத்துக்காகப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எங்கள் பக்கத்தில் மகளிர் குழுவின் தவணைக் கணக்கு, பிள்ளையின் வீட்டுப்பாடம், மாதவிடாய் தள்ளிப்போன கவலை, புருஷன் அடித்த கதை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகின்றன. பேச்சைப் பூட்டி அனுப்புகிறார்கள், சரி. யார் யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை முறை என்பது பூட்டுக்கு வெளியே இருக்கிறது. சம்மதிக்காவிட்டால் குழுவிலிருந்து விலக வேண்டும் என்ற நிலையில் ஒரு பெண் தட்டும் 'சரி'யைச் சம்மதம் என்று சொல்வதற்கு, பெண்ணியம் படித்த நாமாவது ஒப்புக்கொள்ளக் கூடாது. வேறு வழி இல்லாதவளின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நமக்குப் புதிய கதையா?

கதை எழுதுகிற, படம் எடுக்கிற பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் தனித்தனியாக இருந்தபோது ஒரு கதையோடு தட்டுவதற்கு இரண்டு கதவுகள். இப்போது ஒன்று. அந்த ஒரு கதவில் முடியாது என்றால் விலை பேசவும் இடமில்லை. அமெரிக்காவில் இது முன்பே நடந்தது. ஏடி அண்ட் டி என்ற தொலைபேசிக் கம்பெனி 2018 ஜூனில் டைம் வார்னரை வாங்கியது. இணைப்பால் மக்களுக்கு விலை குறையும் என்று நீதிமன்றத்தில் வாதாடியது. ஜூலையில் தன் இணைய டிவி சந்தாவில் மாதம் ஐந்து டாலர் ஏற்றியது. 2022இல் அந்தக் கம்பெனியைப் பிரித்து டிஸ்கவரியோடு இணைத்தார்கள். அந்த வருடமே செலவைக் குறைக்கிறோம் என்று பல நிகழ்ச்சிகளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். உருவாக்கியவர்களே தங்கள் வேலையைப் பார்க்க முடியாமல் போனது.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். ஜியோ வராவிட்டால் உன் தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கு நெட் கிடைத்திருக்குமா என்பார்கள். நியாயமான கேள்வி. 2016க்கு முன் ஒரு ஜிபி வாங்க இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். விலை விழுந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பாடம் கேட்டார்கள், வேலைக்கு விண்ணப்பித்தார்கள், தையல் டிசைன் பார்த்து பிளவுஸ் தைத்துச் சம்பாதித்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விலையை விழவைத்தது எது? பலர் இருந்த சந்தையில் புதிதாக ஒருவர் வந்து மோதியதுதான். எந்தப் போட்டி நமக்கு நெட்டைக் கொடுத்ததோ, அந்தப் போட்டியைத்தான் பின்னால் நடந்த இணைப்புகளும் திவால்களும் சாப்பிட்டன. இன்னும் வேறு கடை இருந்தால் ஜனங்கள் போவார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதும் மூன்று தனியார் கம்பெனிகளும் வாடிக்கையாளர்களை இழந்தன. பிஎஸ்என்எல் அந்த ஒரு மாதத்தில் 29 லட்சம் இணைப்புகளைக் கூடுதலாகப் பெற்றது. அந்தப் பொதுக் கம்பெனிக்கு 4ஜி கொடுப்பதில் இத்தனை வருடம் தாமதித்தார்களே, அந்தத் தாமதத்தின் விலையையும் நாம்தான் ரீசார்ஜில் கட்டுகிறோம்.

பல பேர் தொழில் செய்வது தானாக நடப்பதல்ல. தீப்பெட்டியே அதற்குச் சாட்சி. ஸ்வீடன் முதலாளிகளின் விம்கோ கம்பெனி பெரிய மெஷின்களோடு இந்தியாவில் தீப்பெட்டி செய்தது. கோவில்பட்டியையும் சிவகாசியையும் சாத்தூரையும் அது விழுங்காமல் போனதற்கு ஒரு காரணம், கையால் செய்கிற சிறு தொழிலுக்கு அரசு பல ஆண்டுகள் குறைந்த கலால் வரி வைத்தது. அந்தச் சிறு தொழிலில் குழந்தைகளை வேலை வாங்கினார்கள், பெண்களுக்கு அடிமாட்டுக் கூலி கொடுத்தார்கள், தீவிபத்தில் பலரைப் பறிகொடுத்தோம். அதையெல்லாம் மறைத்து நான் புகழவில்லை. ஆனால் ஒரே கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாமல் சட்டத்தால் தடுக்க முடியும் என்பதை இந்தக் கரிசல் மண் பார்த்திருக்கிறது. கேபிளிலும் பார்த்தோம். சேனலும் கேபிளும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டு அரசியலுக்கு உறைத்தபோது, 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. 2011இல் அதை மறுபடி எழுப்பி மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தார்கள். இரண்டு கட்சிகளும் தங்கள் சண்டைக்காகத்தான் செய்தன. இருந்தாலும் குழாயும் தண்ணீரும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்ற பாடம் அப்போது புரிந்தது. இன்று அதைவிடப் பெரிய குழாய், அதைவிடப் பெரிய கை. இரண்டு கட்சிகளும் வாய் திறக்கவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. அழைப்பு வரவும் எஸ்எம்எஸ் வரவும் ஓர் அடிப்படை இணைப்பு, வாரக்கூலிக்காரியின் கைக்கு எட்டும் சிறு தொகையில், எல்லாக் கம்பெனியிலும் கட்டாயம் வேண்டும். ஓடிபியும் செயலியும் கேட்கிற அரசுத் திட்டங்கள் அதற்கான நெட் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். கம்பெனி இணைப்புகளை ஆராயும்போது விளம்பரதாரருக்கு வாங்கிக்கொடுக்கும் வாக்குறுதியைப் பார்வையாளருக்கும் பயனாளருக்கும் வாங்கித்தர வேண்டும். விசாரணை அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் அரசுத் திட்டம், ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் நூலகத்துக்கும் மகளிர் குழுக் கட்டடத்துக்கும் பெண்கள் வந்து உட்காரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும்.

டிராய் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போது யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். 2016 விதிக்கு முன் பலர் அப்படி எழுதினார்கள். அடுத்த முறை நாம் எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் குழுக் கூட்டத்திலோ விடுதி அறையிலோ வரவு செலவு நோட்டை எடுத்து, ரீசார்ஜுக்கு என்று தனி வரி போடுங்கள். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோரும் 299 ரூபாய் பேக் போட்டால் வருடத்துக்கு 46,644 ரூபாய். மதினி அந்தத் தொகையை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "இது கேஸ் அடுப்புக் கடனவிடக் கூடல்லா" என்றார். கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் வரி அந்தத் தொகையாகத்தான் இருக்கும்.